ஏலத்துக்கு வந்த சைடர் பாட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வைக்கோல் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, சாக்குத்துணியில் தைத்த கோட்டோடு பப் மேடையில் நின்று சைடரின் பெருமையைப் பாடுகிறேன். சைடர் என்பது ஆப்பிளைப் பிழிந்து புளிக்கவைத்து எடுக்கும் மது. இங்கிலாந்தின் இந்த மேற்கு மூலையில் தண்ணீர் குடிப்பதற்குக்கூடக் காரணம் கேட்பார்கள், சைடருக்குக் கேட்கமாட்டார்கள். பாட்டு முடிந்ததும் யாராவது ஒருவர் கிளாஸை நீட்டுவார். "நான் குடிப்பதில்லை" என்பேன். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என் கையில் இருப்பது வெறும் ஆப்பிள் ஜூஸ். நிறம் அதேதான் என்பதால் குழுவின் மானம் காப்பாற்றப்படுகிறது.

இந்தக் குழுவில் நான் சேர்ந்ததற்கு மழைதான் காரணம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை முடிந்து வரும் வழியில் ஒதுங்கிய இடம் பப்பாக இருந்தது. உள்ளே நைஜல் அக்கார்டியனை இழுத்துக்கொண்டிருந்தார். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மார்கரெட் பிடில் வாசிப்பவர். இருவருக்கும் நல்ல குரல், ஆனால் கனத்த கீழ்க்குரலில் தாங்குவதற்கு ஒரு பேஸ் இல்லை. சேலையூரில் எங்கள் சர்ச் கொயரில் மீசை முளைத்த நாளிலிருந்து பேஸ் பாடியவன் நான். எவ்வளவு நேரம்தான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது? மூலையில் நின்றபடியே சேர்ந்துகொண்டேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு தொப்பி தயாராக இருந்தது.

அன்றைக்கு நைஜல் ஆசையாகக் கேட்டார், உங்கள் ஊரில் ஆப்பிள் உண்டா என்று. உண்டு, யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போவோம் என்றேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது குணமாக்குமா?" என்றார். தெரியாது, யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று சொன்னேன். அதை அப்படியே ஒரு பாட்டுக்குள் சேர்த்துவிட்டார்.

இதெல்லாம் சேலையூருக்குத் தெரியாத வரை நன்றாகத்தான் போனது. ஒருநாள் எங்கள் சர்ச் வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. "சார், இது நம்ம தம்பிதானே?" என்று கீழே அப்பாவுக்கு ஒரு கேள்வி. பின்னால் ஆளுயரப் பீப்பாய், முன்னால் தொப்பியோடு நான். என் அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்ச் கமிட்டி மெம்பர், மதுவிலக்குக் கூட்டம் என்றால் முதல் பேச்சாளர். அன்றிலிருந்து நான் போன் செய்யும்போதெல்லாம் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். "இப்பதான்பா உள்ள போனாரு" என்பாள் அம்மா. மாதக்கணக்காகக் குளித்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. அவர் குரலைக் கேட்காமல் ஒரு ஞாயிறுகூட எனக்கு நிறையவில்லை.

எங்கள் பேஸ் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தே தீரவேண்டும் என்று நைஜல் தம்பதி கிளம்பியபோது நானும் லீவு போட்டுக் கூடக் கிளம்பினேன். வந்து இறங்கிய வாரம்தான் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு, வாழைத்தார், பரங்கிக்காய், கேக், நாட்டுக்கோழி என்று சபையார் படைத்த எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலம் விடுவது வருடாவருடம் அப்பாதான். வீட்டில் கறாராகப் பேசும் மனிதர் அன்றைக்கு மட்டும் மைக்கைப் பிடித்தால் ஊரையே கலாய்ப்பார். ஒரு கோழியை ஒருவர் ஏலத்தில் எடுத்து, காணிக்கையாகத் திருப்பிக் கொடுக்க, அடுத்தவர் எடுத்து அவரும் கொடுக்க, அதே கோழி மறுபடி மறுபடி மேடைக்கு வந்தது. நைஜல் என் காதருகே வந்து கவலையோடு கேட்டார்: "அந்தக் கோழியிடம் என்ன குறை?"

அப்போதுதான் ஆயர் எங்களைக் கவனித்தார். வெளிநாட்டு விருந்தாளிகள், கையில் வாத்தியம் வேறு. "சார், இவங்க என்ன மாதிரி பாட்டு பாடுவாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"ஆப்பிள் விளைச்சல் பாட்டுங்க ஐயா" என்றார்.

"அப்ப அறுப்புப் பாட்டுன்னு சொல்லுங்க! பாடச் சொல்லுங்களேன்."

அறுப்பின் பண்டிகையில் எதுவும் சும்மா கிடைக்காது. பாட்டும் ஏலத்துக்கு வந்தது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏறி ஏறி, கடைசியில் ரெபேக்கா டீச்சர் எடுத்தார். சபையில் பாதிப்பேருக்கு ஏ பி சி டி சொல்லிக்கொடுத்தவர். மதுவிலக்குக் கூட்டத்தில் அப்பாவுக்கு அடுத்த பேச்சாளர் அவர்தான். "அர்த்தம் தெரியாத பாட்டெல்லாம் எனக்கு வேணாம். வரிக்கு வரி தமிழ்ல சொல்லணும்" என்றார். மைக் அப்பா கையில் இருந்தது. மொழிபெயர்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

நைஜலுக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. எங்கள் பாட்டுகளிலேயே மோசமான, அந்த வீடியோவில் இருந்த அதே மாமியார் பாட்டை எடுத்துவிட்டார். அவர் ஒரு வரி பாட, நான் பேஸ் போட, அப்பா பிரசங்கத் தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"ஒரு மாமியார் பழரசப் பீப்பாய்க்குள் தவறி விழுந்தார்."

பந்தலில் மருமகள்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மருமகன் ஓடிவந்து கயிறு போட்டான். மாமியார் கயிற்றைத் திருப்பி எறிந்தார்."

சிரிப்பு கிளம்பியது.

"ஏணி இறக்கினான். ஏணியை வைத்துக்கொண்டு, ஒரு குவளை மட்டும் கேட்டார்."

ரெபேக்கா டீச்சர் கையைத் தூக்கினார். "சார், ஒரு நிமிஷம். வெறும் பழரசத்துல அப்படி என்ன இருக்கு?"

அக்கார்டியன் நின்றது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் பழசா இருந்திருக்கும் டீச்சர்."

பந்தல் அதிர்ந்தது. ஆயர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் முறைத்துப் பார்த்தார், பிறகு அவருக்கே தாங்கவில்லை. "சரி சரி, அந்தம்மா வெளிய வந்தாங்களா இல்லயா, அத மொதல்ல சொல்லுங்க" என்று உட்கார்ந்தார். வரவில்லை என்பதுதான் கடைசி வரி. அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

பந்தல் காலியானபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து அவரும் அடுக்கத் தொடங்கினார்.

"மூணாவது சரணத்துல உன் பேஸ் லேசா இறங்குது."

"வாத்தியம் சத்தத்துல கேக்கலப்பா."

"வீடியோலயும் அங்கதான் இறங்குது. எத்தன தடவ கேட்டாலும் அதே எடம்."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தனை நாள் குளித்துக்கொண்டிருந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது, கண் நிறைந்துவிட்டது.

இங்கிலாந்து திரும்பியதிலிருந்து, மாமியார் பாட்டு வந்தால் வரிக்கு வரி தமிழிலும் சொல்ல வேண்டும் என்பது நைஜலின் கட்டளை. சொல்கிறேன். அப்பாவின் அதே பிரசங்கத் தமிழ், அதே நிதானம். ஒரு சொல்கூடப் புரியாமல் பப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது, சேலையூரில் சிரித்த அதே இடங்களில். மூன்றாவது சரணத்துக்கு மட்டும் தமிழ் சொல்வதில்லை. சைடர் நெடியடிக்கும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, குரல் இறங்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.