வாயாடினால் பயமில்லை

மூச்சு முட்டி வரும் பிள்ளையை நான் முதலில் வம்புக்கு இழுப்பேன். விரலில் மாட்டும் கருவி, நெஞ்சில் வைக்கும் குழாய் எல்லாம் அதோடு சேர்த்துத்தான். ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவு நர்ஸாக நின்று நின்று கண்டது இது: ஒரே மூச்சில் சண்டை போடுகிற பிள்ளை கொஞ்சம் பொறுக்கும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் நான் ஓட வேண்டும்.

மஸ்கெலியா ரோட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அடிக்கடி இழுப்போடு ஒரு சிறுமி வருவாள். சரியான வாயாடி. போன தடவை, "ஒன்னவிட ஒந் தம்பிதான் நல்ல புள்ளையாமே?" என்று சீண்டினேன். "என் கலர் பென்சிலக் கடிச்சுத் தின்னவன் நல்லவனா மிஸ்ஸி?" என்று எகிறினாள். "மிஸ்ஸிய எதுத்துப் பேசாதடி" என்று அவள் அம்மா அதட்டினார். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இந்தத் தடவை அம்மா, கொழுந்து பறிக்க ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கக்கூடப் போகாமல், பிள்ளையை ஓட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முகத்தில் நிம்மதி வேறு. "லயத்து வீடு அத்தனைக்கும் கேக்குற மாதிரி இழுத்துச்சுங்க மிஸ்ஸி. வர்ற வழியில சத்தம் அடங்கிருச்சு. இப்ப பரவால்லைங்க."

சத்தம் அடங்கிருச்சு என்றதும் குழாயைக் கையில் எடுத்தேன். "தம்பி நல்லவனா, நீ நல்லவளா?" என்று கேட்டேன்.

"அவன்..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. குழாயை வைத்துக் கேட்டால் இழுப்புமில்லை, ஒன்றுமில்லை. சத்தம் போடுகிற அளவுக்குக்கூட நெஞ்சுக்குள் காற்று போகவில்லை.

நான் டொக்டரைக் கூப்பிட்ட கூப்பாட்டில் வெளியே ஓட்டோக்காரரே எழுந்து நின்றாராம். ஒக்சிஜன், மருந்துப் புகை, கையில் ஊசி என்று வேலை மளமளவென்று நடந்தது. எங்களுக்கு இது பழகிய வேலை, கை தடுமாறவில்லை. ஒரு புகை முடிந்து அடுத்தது போகும்போது அவள் நெஞ்சிலிருந்து கீச்சென்று இழுப்புக் கிளம்பியது.

அம்மா அழத் தொடங்கிவிட்டார். "மறுபடியும் இழுக்குதே மிஸ்ஸி."

"இழுக்கட்டும்மா. காத்து போறதாலதான் சத்தம் வருது. இனிமே சத்தம் அடங்கிருச்சுன்னு நம்பாதீங்க, புள்ள பேசுதான்னு பாருங்க" என்றேன்.

வாட்டுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் சிறுமி என் கையைப் பிடித்தாள். "அவன் நல்லவனே இல்ல மிஸ்ஸி, இப்ப கலர் பெட்டியவே ஒளிச்சு வச்சிருக்கான்" என்றாள், ஒரே மூச்சில்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இந்தத் தடவை அவர் அதட்டவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுடி" என்றார்.