நிற்கவைத்து எடுக்காத அளவு

என் அக்கா வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் நாற்காலிக்கு வெளியே, எழுந்து ஓடத் தயாராக இருக்கும். டீயை நின்றுகொண்டு குடிப்பார், பேப்பரை நடந்துகொண்டு படிப்பார். அவரோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் எனக்குக் கால் வலிக்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர், எனக்கு மாமா. நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதி அவர் கைபட்டவை. ஆனால் அவற்றில் ஒன்றின் ஜன்னல் வழியாகவும் வெளியே பார்த்ததில்லை என்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கீழே எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த குழி, மேலே மோட்டார் அறை, நடுவில் இருட்டு.

"வாழ்க்கை பூரா மேல கீழ, மேல கீழன்னே போயிட்டேன் மாப்ள. முன்னாடி போனதே இல்ல" என்று ஓய்வு பெற்ற வாரத்தில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைக்கிறவள். குட்டி போட்ட பூனை மாதிரி அவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். மெஷின் சத்தம் போடுகிறது என்று எண்ணெய் விட்டார். போதாதென்று இன்னும் கொஞ்சம் விட்டார். யாரோ கொடுத்திருந்த வெள்ளைச் சட்டை நாசமானது.

"எங்கயாவது போயிட்டு வாங்களேன். புண்ணியமாப் போகும்" என்றாள் அக்கா.

போய்விட்டுத்தான் வந்தார். வரும்போது ஒரு லாரியோடு வந்தார்.

தொலைபேசிக் கம்பம் நடுகிறவர்கள் காட்டுக்குள்ளும் மேட்டிலும் ஓட்டிக் கழித்துப்போட்ட சின்ன லாரி அது. நாலு சக்கரமும் இழுக்கும், நாலு சக்கரத்திலும் ரப்பர் வழுக்கையாக இருந்தது. பழைய வண்டிகள் நிற்கும் கிடங்கில், விலைக்கு ஆளில்லாமல் கிடந்ததாம். இதன் முதுகில் ஒரு கூண்டு கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, ரோடே இல்லாத இடமாகப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கப்போவதாகச் சொன்னார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு ஸ்டியரிங்கைப் பார்க்காத நாள். அதுவும் அன்றோடு போயிற்று.

"நீயும் வர்ற" என்றார் அக்காவிடம்.

"பாக்கலாம்" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். எனக்கென்னவோ அக்கா வரமாட்டாள் என்றுதான் பட்டது. அவள் வராவிட்டால் இந்த மனுஷன் தனியாகவே கிளம்பிவிடுவார் என்பதும் தெரியும். அப்புறம் அக்காவுக்குத் துணை அந்த மெஷின்தான். இதை நினைத்தாலே எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வரும். ஆத்திரத்தோடுதான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

செலவைச் சுருக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கழற்றிப் போட்ட லிஃப்டுகளின் எவர்சில்வர் தகடுகள் அவருக்குத் தெரிந்த குடோன்களில் குவிந்து கிடந்தன. சுவரெல்லாம் அவைதான். கூரையில் லிஃப்ட் ஃபேன், பக்கச்சுவரில் லிஃப்ட் கண்ணாடி. விளக்குகளுக்கு சுவிட்ச்சாக மாடி பட்டன்களையே பதித்தார். அடுப்புக்கு மேலே விளக்கு எரிய வேண்டுமென்றால் நாலாவது மாடியை அழுத்த வேண்டும். திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி போட்டார்.

கூண்டை லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ்மேல் நான்கு மூலையிலும் தடித்த போல்ட் போட்டு இறுக்கினார். கூட வேலை செய்த வெல்டர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, மேடு பள்ளத்துல சேஸிஸ் முறுக்கும். கூண்டு கொஞ்சம் ஆடுற மாதிரி விட்டு, அடியில ரப்பர் குடுத்துப் புடிக்கலாம்."

"ஆடக் கூடாதுப்பா. ஆடுச்சுன்னா ஆபத்து" என்றார் மாமா. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் நூலளவு பிசகினாலும் லிஃப்ட் பெட்டி மாட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

உள்ளே அவருக்கு நீளவாக்கில் ஒரு மடக்குப் பலகை. அக்காவுக்குப் பின்பக்கம் குறுக்குவாக்கில் தனிக்கட்டில்.

"நான் புரண்டுக்கிட்டே இருப்பேன் மாப்ள. பாவம், அவ தூக்கம் கெட்டுடும். அதான் தனியா" என்றார். எனக்கே கொஞ்சம் மனசு இளகியது.

"கட்டில் குட்டையா இருக்கே மாமா?"

"உங்க அக்கா அளவு. அவ தூங்கும்போது அவ டேப்பை வச்சே எடுத்தேன். சுத்தமான அளவு. அவ சின்ன உருவமா இருக்கறது எவ்வளவு வசதி பாரு, கூண்டு அகலத்தைக் குறைச்சுட்டேன். எந்தச் சந்துலயும் பூந்து வந்துடும்."

அக்கா என்னைவிடக் குள்ளம்தான். சரி, அவர் பெண்டாட்டி, அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

வெள்ளோட்டத்துக்கு ஊருக்கு வெளியே கைவிட்ட கல் குவாரி. அக்காவை எப்படியோ கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஓட்ட, அக்கா நடுவில் உட்கார, அவர் கதவோரம் பாதி எழுந்தபடியே வந்தார். பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டி முனகிக்கொண்டு ஏறியது. முன்சக்கரம் ஒரு பக்கம் பாறைமேல், பின்சக்கரம் மறுபக்கம் பள்ளத்தில் இறங்கிய நேரம் பார்த்து, "நிறுத்து மாப்ள, இங்கயே டீ" என்றார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். காற்றில் அடுப்பு அணையும் என்று கதவை ஓங்கிச் சாத்தினார். நான் கீழே டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கைப்பிடி ஆடும் சத்தம்.

"மாப்ள."

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி சத்தம்.

"மாப்ள, அந்தப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் இழுத்துப் பாரேன்."

இழுத்தேன். கதவு அசையவில்லை. சேஸிஸ் முறுக்கிக்கொண்டதில் கூண்டும் சேர்ந்து முறுக்கி, கதவின் மேல்மூலையைச் சட்டம் கவ்வியிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட எத்தனை பேரிடம் இந்த மனுஷன், "பதறாதீங்க, அமைதியா உக்காருங்க" என்று சொல்லியிருப்பார். இப்போது உள்ளே இரண்டடி அங்கே, இரண்டடி இங்கே என்று நடந்துகொண்டிருந்தார்.

"வண்டிய நகத்தட்டுமா?"

"வேணாம், இன்னும் முறுக்கிடும். கண்ணாடி வெடிச்சு உங்க அக்கா மேல விழும். ஜாக்கி போட்டுத் தூக்கு."

ஜாக்கியை எடுத்து வந்து வைத்தேன். மண்ணில் புதைந்தது. தட்டைக் கல்லாகத் தேடி அடியில் வைத்து மறுபடி தொடங்கினேன். ஜன்னல் என் தலைக்கு நேர் மேலே. உள்ளே பேசியதெல்லாம் காதில் விழுந்தது. விழாமல் இருக்க நான் எங்கே போவது?

"உக்காருங்க. வண்டி ஆடுது" என்றாள் அக்கா. "நான் கொஞ்சம் காலை நீட்டிக்கிறேன்."

ணங் என்று தகட்டில் ஏதோ இடித்தது.

"இது என்ன, சுவரு இடிக்குது? இது யாரு அளவு?"

"உன் அளவுதான்."

"என் அளவா? எப்ப எடுத்தீங்க?"

"நீ மத்தியானம் தூங்கறப்ப."

"படுத்திருக்கிற ஆளை யாராவது அளவெடுப்பாங்களா? நிக்கவச்சுல்ல எடுக்கணும். நான் மடங்கிப் படுத்திருந்திருப்பேன்."

"ஆமா, நீ எப்பவும் அப்படித்தானே படுப்ப."

நான் ஜாக்கியை நிறுத்திவிட்டேன்.

"ஏன் அப்படிப் படுக்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

உள்ளே காலடி இரண்டு தரம் அங்கும் இங்கும் போனது.

"நீங்க புரண்டு புரண்டு படுப்பீங்க. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கட்டில் பூரா நீங்கதான். மிச்சம் இருந்த இடத்துல நான் மடங்கிக்கிட்டேன். இப்பல்லாம் நீங்க பக்கத்துல இல்லன்னாலும் உடம்பு தானா மடங்கிக்குது."

உள்ளே நடை நின்றுபோயிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா வரலைன்னு சொல்லிடுவியோன்னு... நீதான் பாக்கலாம்னு சொன்னியே. சரின்னுதான் நெனச்சேன்."

"முப்பது வருஷமா நான் எங்க கூப்பிட்டாலும் பாக்கலாம், பாக்கலாம்னீங்களே. அதுக்கெல்லாம் சரின்னா அர்த்தம்?"

ஜாக்கியை வேகமாக அழுத்தினேன். பின்சக்கரம் மெல்ல எழுந்தது, சட்டம் முனகியது, கதவு தானாகவே பட்டென்று திறந்துகொண்டது. மாமா தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் கெட்டில். கதவு திறந்த பிறகும் எழவில்லை. அக்கா அவரைத் தாண்டி இறங்கிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். டீ அப்படியே ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவே இல்லை. வீட்டுக்குள்ளும் நடக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது முன்னறையில், துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் ஸ்டூலுக்கு நேராக இருந்தன.

"நீ என்கூட வர்றியா?" என்று அக்காவிடம் கேட்டார். நான் நிற்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "வரலைன்னாலும் சொல்லு. வண்டிய வித்துடறேன்."

அக்கா தைத்துக்கொண்டிருந்த மடிப்பை முடித்தாள். நூலைக் கத்தரித்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

"இப்ப எடுங்க" என்றாள்.

அவர் எடுத்தார். தப்பாகப் படித்துவிட்டு மறுபடி எடுத்தார். மடங்கிப் படுத்திருந்தவளுக்கும் நின்றவளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை டேப்பில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. மனுஷன் அழுகிறார் என்று தெரிந்து நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

கூண்டின் அடியில் ரப்பர் போட்டுப் பிடித்தது வெல்டர். சொன்னேனே என்ற பார்வை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். கட்டிலை நீட்டத்தான் வழியில்லை, கூண்டின் அகலமே அவ்வளவுதான். கடைசியில் அக்கா கால் வரும் இடத்தில் சுவரை அறுத்து, வெளிப்பக்கம் சின்னதாக ஒரு பெட்டியை வைத்துப் பற்றவைத்தார்கள். வண்டியின் இடுப்பில் புடைத்த மாதிரி துருத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, சந்துக்குள்ள போனா இடிக்கும்" என்றார் வெல்டர்.

"இடிக்காமப் போறேன்" என்றார் மாமா.

அவர்கள் கிளம்பிய அன்று தெருமுனை வரை நான் பின்னாலேயே நடந்தேன். முனையில் மின்கம்பம், எதிரே ஒரு மதில். வண்டி நின்றது. மாமா இறங்கி வந்து, பெட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில் கையை நீட்டிப் பார்த்தார். ஏறி ஒரு சாண் நகர்த்தினார். மறுபடி இறங்கிப் பார்த்தார். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கப் பொறுக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போகிற மனுஷன், நிதானமாக அவனிடம் நடந்து போனார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. அந்தப் பக்கம் எங்க வீட்டம்மா கால் இருக்கு."

அக்கா முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.