அத்தையின் ஒரே போர்டு

எங்கள் வீட்டில் அத்தைக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பாதிவேலை. "பாதிவேலை எங்க?" என்று அப்பா கேட்டால் தன் தங்கச்சியைத் தேடுகிறார் என்று பொருள். அம்மா சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதில் எல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

கொடைக்கானல் மலையில் கிளாவரை எங்கள் ஊர். அங்கே சரிவில் எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம். அந்த வருடம் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். அத்தை திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, வேலை கிடைக்காமல் திரும்பி வந்து, எங்களோடு களையெடுத்துக்கொண்டிருந்தாள். வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா அவளோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"ஒங்கத்தைய மருந்தடிக்கிற கேன எடுத்துட்டு வரச்சொல்லு."

"வச்சாச்சுன்னு ஒங்கப்பாட்ட சொல்லு."

இரண்டு பேரும் மூன்றடி தள்ளித்தான் நிற்பார்கள். நடுவில் நான். வளர்ந்த மனிதர்கள் இரண்டு பேர் ஒரு சின்னப் பெண்ணைத் தபால்பெட்டியாக வைத்திருந்தார்கள். ஊரில் யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை.

அத்தையின் கட்டிலுக்கடியில் ஐந்தாறு அட்டைப்பெட்டிகள் கிடந்தன. ஒன்றில் காட்டுமாடு தோட்டத்துக்குள் நுழைந்தால் விளக்கடிக்கும் சாதனம். அதைப் பாதி செய்துகொண்டிருந்தபோது, தொட்டி நிரம்பினால் தண்ணீர் தானாக நிற்கிற மாதிரி ஏதாவது செய்யக்கூடாதா என்று அம்மா கேட்டாள். அது முடிவதற்குள் நான் பஸ்ஸைக் கேட்டேன். கொடைக்கானலிலிருந்து வருகிற பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் காட்டும் ஆப். கீபோர்டில் இரண்டு எழுத்து உதிர்ந்துபோன பழைய லேப்டாப்பில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். வழியில் இருக்கிற பூம்பாறை வரைக்கும் சரியாகக் காட்டியது. அதற்கு மேலே டவர் இல்லை. பஸ் எங்கள் ஊரில் ஆள் இறக்கிக்கொண்டிருக்கும், போனில் அது பூம்பாறையிலேயே நிற்கும். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இத்தனைக்கும் அவளிடம் இருந்தது ஒரே ஒரு போர்டு. உள்ளங்கை அளவு, பச்சை நிறம், காலேஜ் பிராஜெக்டுக்கு வாங்கியது. எந்தப் பெட்டிக்கும் மூளை அதுதான். ஒன்றுக்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றால் இன்னொன்றிலிருந்து பிடுங்க வேண்டும். இன்றைக்குக் கோயம்புத்தூரில் இதே வேலையில் இருக்கிறேன். என் மேஜை டிராயரில் அதே மாதிரி போர்டு எட்டு கிடக்கிறது, பாதியை உறையிலிருந்துகூட எடுக்கவில்லை. அத்தை எதையும் முடிக்காமல் விடவில்லை. நாங்கள் கேட்டதையெல்லாம் ஒரே போர்டை வைத்துச் செய்து பார்த்தாள். போர்டு போன பெட்டியைப் பார்த்துவிட்டு நாங்கள் பாதிவேலை என்றோம்.

மார்கழியில் பனி ஹாரன் வந்தது.

எங்கள் பக்கம் உறைபனி விழுந்தால், வெயில் படுவதற்குள் ஸ்பிரிங்க்ளரைத் திறந்து இலையைக் கழுவிவிட வேண்டும். விட்டால் மத்தியானத்துக்குள் செடி கருகிவிடும். சரிவில் ஒன்பது வீடு. மார்கழி, தை முழுக்க வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரர் விடிவதற்கு முன் எழுந்து, வெளியே வைத்த தட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார். மேலே ஐஸ் கட்டியிருந்தால் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவார். அந்தக் குளிரில் இது ஒரு தண்டனை.

அத்தை தோட்டத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் சூடு அளக்கும் சென்சாரைக் கட்டி, போர்டோடு சேர்த்து, பழைய ஜீப் ஹாரன் ஒன்றைக் கூரையில் மாட்டினாள். குளிர் இரண்டு டிகிரிக்கு இறங்கினால் ஹாரன் அலறும். பதினைந்து நாளில் நான்கு தடவை அலறியது. நான்கு தடவையும் பனி. அப்பா முதல்தடவையாக "எந்தங்கச்சி செஞ்சது" என்று வெளியே சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இனிமே ஒருத்தரும் வெள்ளனே எந்திரிச்சுச் சாக வேணாம்," என்று ஒன்பது வீட்டிலும் சொல்லிவிட்டார். "எங்க வீட்டு ஹாரன் அடிச்சா வெரசா எந்திரிச்சு வாங்க. போதும்."

மேல்தோட்டத்துப் பெரியப்பா மட்டும், "அடிக்காட்டி?" என்றார்.

"அடிக்காட்டிப் போத்திக்கிட்டுத் தூங்குங்கண்ணே."

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "முறைய விட வேணாம்னு ஒங்கப்பாட்ட சொல்லுடி. இது இன்னும் சோதனதான்." போய்ச் சொன்னேன். அப்பா சிரித்தார். "அவளுக்கே அவ சோலி மேல நம்பிக்கை இல்ல பாரு." முறை நின்றது. ஒன்பது வீடும் தூங்கியது.

தை பிறந்து கொஞ்ச நாளில், அடைகாத்துக்கொண்டிருந்த என் கோழியைக் காட்டுப்பூனை பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனது. பதினோரு முட்டை. பொரிக்க இன்னும் மூன்று நாள். நான் கத்தி அழுதேன். அத்தை முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. ஒரு அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு வைத்தாள். சூடு ஏறினால் அணைய வேண்டும், இறங்கினால் எரிய வேண்டும். அதற்குப் போர்டு வேண்டும், சென்சார் வேண்டும்.

வானத்தைப் பார்த்தாள். மேகம் கட்டியிருந்தது. மேகம் இருந்தால் பனி விழாது.

"ஓடு. மூணு நாளைக்கு ஹாரன் கெடையாது, பழையபடி முறை வச்சுக்கிருங்கன்னு ஒங்கப்பாட்ட சொல்லிட்டு வா. மறக்காமச் சொல்லணும், என்ன?"

ஓடினேன். அப்பா தோட்டத்தில் ஓஸ் பைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அடைப்பு. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முட்டையா கிழங்கா என்று கேட்பார். நேரே வந்து போர்டைப் பிடுங்கி ஹாரனில் மாட்டச் சொல்வார். வரப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். "என்னடி?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். திரும்பி வந்தேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அத்தை நம்பினாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் வேறு வழி கிடையாது. இரண்டு நாள் மேகம் நின்றது. மூன்றாம் நாள் ராத்திரி கலைந்தது.

பெரியப்பாவின் கூச்சலில்தான் விழித்தோம். வெளியே போனபோது சரிவு முழுக்க வெள்ளை. அதன்மேல் வெயில் ஏறியிருந்தது. அப்பா ஓடிப்போய்த் தண்ணீரைத் திறந்தார். எல்லோரும் திறந்தார்கள். பத்து மணிக்கு இலை சுருண்டது. மதியத்துக்கு முன்னால் ஒன்பது வீட்டுச் செடியும் கறுத்துவிட்டது. வெந்த கீரை மாதிரி ஒரு வாடை வந்தது.

எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பா எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அத்தையிடம் நேராகக் கேட்டார்.

"ஹாரன் ஏன் அடிக்கல?"

பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில் பக்கத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்கய்யா. ஒம்பது வீட்டுக் கெழங்க அவிச்சுக் கோழிக்குஞ்சு பொரிக்கிறா."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரின் தோட்டமும்தான் கறுத்துக் கிடந்தது. "படிச்ச புள்ளைய வீட்ல வச்சிருந்தா இப்பிடித்தான்," என்று ஒரு பொம்பளை சொன்னாள். "முறையவாவது பாக்கச் சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன?" என்றார் இன்னொருவர்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். தரையைப் பார்த்தேன். தலையைத் தூக்கவே இல்லை.

"சொல்ல மறந்துட்டேண்ணே," என்றாள்.

அப்பா பெட்டியை வாங்கிப் போர்டை ஒயரோடு பிய்த்தார். கட்டிலுக்கடியில் இருந்ததையெல்லாம் இரண்டு சாக்கில் திணித்து, லேப்டாப்பையும் சேர்த்து, ஓடைப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்தார். யாரும் தடுக்கவில்லை. முட்டைகள் சில்லிட்டன. ஒன்றில் மட்டும் ஓட்டைத் துளைத்து மூக்கின் நுனி வெளியே வந்திருந்தது. அதுவும் அதோடு சரி.

அந்தப் பங்குனியில் அத்தையை அடுக்கம் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே மாப்பிள்ளைக்கு. இப்போது மிளகு பறிக்கப் போகிறாள். போன் கெட்டுப்போனால்கூடத் திறந்து பார்ப்பதில்லை, கடையில் கொடுத்துவிடுகிறாள். எங்கள் வீட்டுப் பேச்சில் அவள் இன்னும் பாதிவேலைதான். போன பொங்கலுக்கு அப்பா அந்தப் பெயரைச் சொன்னபோது எழுந்து வெளியே போனேன். அவ்வளவுதான் நான் செய்தது. இத்தனை வருடம் கழித்தும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு வாசலில் அவள் "மறந்துட்டேன்" என்று சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. என்னைச் சொல்லி அனுப்பியதையே அத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எல்லோரும் சொல்வது சரிதான், இந்த அத்தைக்கு எதுவும் ஞாபகம் நிற்காது, எதையும் ஒழுங்காக முடிக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஆட்கள் கலைந்துபோன பிறகு அம்மா அழுதுகொண்டே சோறு போட்டாள். யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.