களத்துமேட்டில் தெரிந்த கடல்

எங்கள் களத்துமேட்டில் குழி தோண்ட அனுமதி கொடுத்தவர் சித்தப்பா. ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் காரிமங்கலம் சந்தையில் அவரைப் பார்த்து, சந்தடியில்லாத இடமாக, பாறை மேலாகவே கிடைக்கும் இடமாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் நிலத்தில் பாறைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. சித்தப்பா அங்கேயே தலையாட்டிவிட்டார். ஆனால் அது அம்மா கேழ்வரகு அடிக்கிற களம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் இப்படிச் சொன்னார்:

"தண்ணி பாக்குற மெஷின் அண்ணி. எங்க போர் போட்டா தண்ணி வரும்னு அதுவே சொல்லிரும்."

இரண்டு முறை போர் போட்டுப் புழுதியை மட்டுமே பார்த்த குடும்பம் எங்களுடையது. அம்மா களத்தை விட்டுக்கொடுத்தாள். சின்னக் குண்டான் அளவில் ஒரு கருவி குழிக்குள் இறங்கியது. மேலே ஒரு சோலார் தகடு, சுற்றிலும் முள்வேலி. எனக்கும் தம்பிக்கும் சித்தப்பா வேறொரு கதை வைத்திருந்தார். வேலிப் பக்கம் யார் நடந்தாலும் மெஷின் அதைப் பெயரோடு சென்னைக்குச் சொல்லிவிடுமாம். அதனால் நாங்கள் அந்த வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி நடப்போம். இன்று அந்த வகைக் கருவிகளோடுதான் எனக்குப் பிழைப்பு. சித்தப்பாவின் இரண்டு பொய்களில் இரண்டாவது முக்கால்வாசி உண்மை. காலடியை அது கேட்கும், பெயரைத்தான் சொல்லாது.

முதல் பொய்யை உடைத்தவள், கருவியைச் சரிபார்க்க வந்த ஆராய்ச்சி மாணவி. அம்மா மோர் கொடுத்து, "தண்ணி எந்தப் பக்கம் காட்டுதுங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். அந்த அக்கா விழித்தாள்.

"தண்ணியா? இது பூமி அதிர்றத அளக்குறதுங்கம்மா. சின்னச் சின்ன நிலநடுக்கம்."

"இங்க ஏது நெலநடுக்கம்? அப்ப எங்களுக்கு என்ன பிரயோசனம்?"

"உடனே ஒண்ணும் இல்லம்மா" என்று அவள் உண்மையைச் சொன்னாள்.

அத்தோடு அம்மா அவளிடம் பேச்சை நிறுத்தினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிடுகிற அம்மா, அவளிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. எங்களுக்கு அவள் 'சென்னை மேடம்', அவ்வளவுதான்.

நான் ஏழாவது படித்த வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு புயல் வந்தது. அப்பா சொந்த வேனை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டை போட வேளாங்கண்ணி கிளம்ப, அப்பா அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். வடக்கே போய்விடும் என்று டிவியில் சொன்ன புயல், நினைத்துக்கொண்டாற்போல் நாகப்பட்டினம் பக்கம் திரும்பிவிட்டது. விடிந்ததிலிருந்து அப்பாவின் போன் அணைந்தே கிடந்தது. அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் காற்றே இல்லை. வெறும் தூறல்.

அந்தத் தூறலில்தான் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வெயில் இல்லாமல் கருவியின் பேட்டரி இறங்கிவிட்டதாம். நான் குடை பிடிக்கப் போனேன். அவள் மடியில் வைத்திருந்த லேப்டாப்பில், மெல்லிய கோடாக ஓட வேண்டியது கம்பளிப்புழு மாதிரி தடித்து ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்னக்கா?"

"கடல்."

நான் கடலைப் பார்த்ததே இல்லை. எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன்.

"புயல்ல ரெண்டு பக்கத்துலேருந்தும் அலை வந்து ஒண்ணோட ஒண்ணு மோதும். அந்த அமுக்கம் நேரா கடலோட அடித்தரை வரைக்கும் போவும். அடித்தரை அதிரும். அந்த அதிர்வு பாறை வழியா இவ்வளவு தூரம் வருது. நான் தேடுறது நிலநடுக்கம். அத இந்தச் சத்தம் மூடிக்கிட்டிருக்கு."

பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, வேளாங்கண்ணிக் கடல் நம்ம களத்துல தெரியுது!"

அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். வேலியைத் தாண்டி, ஈரப் பாறையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல மாதம் கழித்து அவளிடம் பேசினாள்.

"அடங்கிருச்சாம்மா?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொறயுதும்மா. கொறஞ்சிக்கிட்டேதான் வருது."

கோடு அப்படியொன்றும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பல வருடம் கழித்து அந்த நாளின் பதிவை நானே எடுத்துப் பார்த்தேன். அப்போது அது குறையவில்லை, ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மதியம்வரை அம்மா அங்கிருந்து அசையவில்லை. 'கொறயுதா?' என்பாள். 'கொறயுதும்மா' என்பாள் அக்கா. பேட்டரியை மாற்றிய பிறகும் அவள் கிளம்பவில்லை. மழை வலுத்ததும் அம்மா அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, தலை துவட்டத் துண்டு கொடுத்தாள்.

சாயங்காலம் யாருடைய நம்பரிலிருந்தோ அப்பா கூப்பிட்டார். ஒரு மண்டபத்தில் எல்லோரும் பத்திரம். வேன்மேல் மரக்கிளை விழுந்து முன்கண்ணாடி போய்விட்டது, வேறொன்றுமில்லை. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சித்தப்பா கண்ணாடி மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அம்மா எல்லோருக்கும் காப்பி கலந்தாள். அக்காவிடம் டம்ளரை நீட்டும்போதுதான், வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"உனக்கு எந்த ஊருடா சாமி?"

"வேதாரண்யத்துக்குப் பக்கம்மா. கடக்கரை. அப்பா மீன்புடி போட் வச்சிருக்காரு."

"வூட்டுக்குப் பேசுனியா?"

"நேத்து ராத்திரியிலேருந்து போன் போகலம்மா."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த அக்காவின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதுவரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த அக்கா, குழந்தை மாதிரி அழுதாள்.

வந்த நம்பருக்கே சித்தப்பா திரும்பப் போட்டார். அம்மா போனைப் பிடுங்கி அப்பாவிடம் சொன்னாள்:

"நீங்க நாளைக்கு வரவேணாங்க. மொதல்ல போயி இந்தப் பொண்ணு வூட்டப் பாருங்க. பாத்துட்டு வாங்க."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாள் முழுக்க அப்பா வரவேண்டுமென்று அழுதவள், வருகிறேன் என்பவரை வராதே என்கிறாளே! எல்லாம் சித்தப்பா கொண்டுவந்த மெஷினால் வந்தது என்று தம்பியிடம் முணுமுணுத்தேன்.

அன்று ராத்திரி அக்காவை அம்மா எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தாள். மண்டபத்தில் இருந்த குடும்பம் காத்திருக்கச் சம்மதித்ததாம். மறுநாள் அப்பா கண்ணாடி இல்லாத வேனில் முகத்தில் மழை அடிக்கக் கிளம்பி, மரங்கள் சாய்ந்து கிடந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மீதித் தூரத்தை நடந்தே போயிருக்கிறார். அக்காவின் வீட்டாரை, புயலுக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்து, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு அவள் அம்மாவைக் கூட்டிவந்து பேசவைத்தார். கூரை போய்விட்டது. போட் இரண்டாகப் பிளந்துவிட்டது. உயிர்கள் பத்திரம். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு 'ம்... ம்...' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அலைகள் கடலடியை எப்படி அதிரவைக்கின்றன, நெருக்கிப் பிடித்திருக்கும் பாறைப் பிளவு எந்தக் கணத்தில் பிடிவிட்டு நழுவுகிறது என்று கணக்கு எழுதுவதுதான் இன்று என் வேலை. இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டி, விண்ணப்பம் போடவைத்தவள் அதே அக்கா. நன்றி சொல்லப்போனால் அதட்டுவாள். அந்தப் பேச்சை எடுத்தாலே, 'உங்கம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்டு மடக்கிவிடுவாள்.

அந்தப் புயலிலிருந்து அப்பா இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். நான் கோபம் தீராமல் தள்ளியே நின்றேன். அவர் வேனிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். கருவாடு. பிளாஸ்டிக் டிரம்மில் இருந்ததால் நனையாமல் தப்பியதாம். அந்த அக்காவின் அம்மா கொடுத்துவிட்டிருந்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்:

"வூடே போச்சுன்னாங்களே, அப்புறம் எதுக்கு இத நமக்குக் குடுத்தாங்க? அவங்களே சாப்புட்டிருக்கலாமில்ல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.