கல்லுக்குப் போட்ட பிளாஸ்திரி

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுச் சண்டையே தீராமல் கிடக்கும்போது, அடுத்தவர் வீட்டுக்குப் போய் எதற்குச் சண்டை? காரணம்... பிளாஸ்திரி. காயம் பட்டால் ஒட்டுவோமே, அதே பிளாஸ்திரிதான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்ல' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

என் கல் பைத்தியம் உங்களுக்குப் புதிதல்ல. மற்றவர்கள் பட்டுப்புடவை சேர்த்தால் நான் கல் சேர்க்கிறேன். வைரமும் வைடூரியமும் இல்லை... படிகம், தாதுக்கல், கல்லாகிப்போன மரம், கல்லாகிப்போன சிப்பி. "இதுக்கு ஜல்லி வாங்கிப் போட்டிருந்தா மாடியில ஒரு ரூமாவது கட்டியிருக்கலாம்" என்பது என் கணவரின் நிரந்தரக் கருத்து.

ராஜபாளையத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சி என்று ஒருவர். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி யூனிட் நடத்தியவர். சரக்குக் கொடுக்க ஊர் ஊராகப் போவார். போன இடத்திலெல்லாம் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார். அரியலூரில் சிப்பி, சேலத்தில் வெள்ளைக்கல், புனே பக்கம் பச்சைப் படிகம். அந்தச் சேகரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அண்ணாச்சிக்கு இப்போது பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் — 'சரி'. 'சாப்டீங்களா' என்றாலும் சரி. 'தூங்குறீங்களா' என்றாலும் சரி. 'மழை வருதா' என்றாலும் சரி.

"அப்பா கல்லையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துரலாம்னு இருக்கோம்க்கா. இடத்த அடைக்குது" என்று அவர் மகன் செந்தில் போன் செய்தார். என் கணவரைக் காரோடு கிளப்பிக்கொண்டு ஓடினேன்.

வீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷின் வைத்திருக்கும் இடத்தில், மெஷினுக்குப் பின்னால்தான் கல் பெட்டிகள் இத்தனை வருடமாக இருந்திருக்கின்றன. மெஷினை நகர்த்தி, பெட்டிகளை எடுத்து, எல்லாவற்றையும் கழுவி, சாக்கில் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றில்கூடப் பெயர் இல்லை.

"பேர் எழுதுன சீட்டு கீட்டு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒண்ணும் இல்லயேக்கா" என்றார் மருமகள் கவிதா.

ஹாலில் சக்கர நாற்காலியில் அண்ணாச்சி இருந்தார். மரியாதைக்குப் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றேன். "சரி. சரி சரி சரி" என்றார். முகம் சிவந்திருந்தது. பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டு சாக்குகளைக் காரில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால்... எது என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆணியால் கீறிப் பார்த்தேன். காந்தத்தை ஒட்டிப் பார்த்தேன். வழவழப்பில்லாத ஓட்டின் முதுகில் தேய்த்து, என்ன நிறத்தில் கோடு விழுகிறது என்று பார்த்தேன். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறதா என்று பார்த்தேன். சமையலுக்கு வைத்திருந்த எலுமிச்சை அத்தனையும் கல்லுக்கே போனது. மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, திருஷ்டி கழிக்கிறேன் என்றே முடிவு செய்துவிட்டார்.

செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது. கல்லைப் படம் எடுத்தால் பெயர் சொல்லுமாம். புனேக்காரப் பச்சைப் படிகத்தை 'கற்கண்டு' என்றது. கல்மரத்தை 'பேரீச்சம்பழம்' என்றது. ஆனால் கறுப்பாக, கனமாக, ஒரு பக்கம் தட்டையாக, மேலெல்லாம் குமிழி வெடித்த ஓட்டைகளோடு இருந்த ஒரு கல்லைக் காட்டியதும் அது சொன்ன பெயர் — 'விண்கல்'. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வானத்திலிருந்து விழுந்த கல் என் சாப்பாட்டு மேஜையில்! என் கணவர்கூட அதைக் கையில் எடுத்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்.

அப்புறம்தான் கல்லாகிப்போன சிப்பி ஒன்றைத் திருப்பினேன். அதன் அடிக்குழியில், துணித் துண்டு மாதிரி எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊக்கால் நெம்பினேன். பிளாஸ்திரி. மங்கின பேனா மையில், நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது: 'அரியலூர்... சிப்பி...' மீதி கிழிந்திருந்தது.

கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"கவிதா, கல்லுலல்லாம் பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சா?"

"அத ஏன்க்கா கேக்கீங்க. அம்புட்டுக் கல்லுக்கும் பிளாஸ்திரி. கல்லுக்கு யாராச்சும் பிளாஸ்திரி போடுவாவளா? மாமாவுக்கு அப்பவே புத்தி தடுமாற ஆரம்பிச்சிருச்சு போலன்னு இவிய கூடச் சொன்னாவ."

"அதுல என்னமாச்சும் எழுதியிருந்திருக்குமேம்மா?"

"என்னமோ கோழி கிண்டுன மாதிரி கிறுக்கியிருந்துச்சு. தண்ணில ஊறப் போட்டு உரிச்சு எடுத்தோம். பொறவு பித்தள விளக்கு தேய்க்க மாதிரி புளி போட்டு நல்லாத் தேய்ச்சுட்டோம். ஒரு கல்லு மட்டும் ரோஸ் கலர்ல... கழுவக் கழுவக் கரைஞ்சே போச்சுக்கா."

கரையாமல்? அது இந்துப்பு. பளிங்கு மாதிரி மின்னியிருக்க வேண்டிய இன்னொன்று, புளி தின்று மங்கிப்போய் என் மேஜையில் இருந்தது.

"மாமா அப்ப எங்க இருந்தாரு?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. 'சரி சரி சரி சரி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்கும் சந்தோசம்தான் போலன்னு இன்னும் ரெண்டு தேய்ப்பு தேய்ச்சோம்."

பேண்டேஜ் யூனிட் வைத்திருந்த மனுசன் பெயரெழுத வேறு எதைத் தேடுவார்? கையை நீட்டினால் பிளாஸ்திரி. தண்ணீர் பட்டால் சீக்கிரம் போகாது, கல்லில் இறுகப் பிடிக்கும். நல்ல யோசனை செய்தவரைப் புத்தி கெட்டவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டீச்சர் வருவாங்கன்னு சொன்னியே... வாராங்களா?" என்று கேட்டேன்.

"நிறுத்தியாச்சுக்கா. ஒண்ணுமே புரியாதவருக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்து என்னன்னு இவியதான்..."

மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனிலேயே கத்தியிருப்பேன். பயிற்சியும் நின்றுபோனால் அந்த மனுசனுக்கு ஆயுசுக்கும் அந்த ஒரு சொல்தான் மிச்சம். கையில் கிடைத்த கற்களைப் பையில் அள்ளிப்போட்டு பஸ் ஏறினேன். "என்னக்கா, பை இந்தக் கனம் கனக்குது... கல்லா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். நம்பவில்லை.

ஒன்று கேட்கிறேன். உடம்புக்கு முடியாத ஒருவர் முன்னால் நின்றுகொண்டு, அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுகிறோமே... அது என்ன பழக்கம்? 'அவருக்குச் சீனி போடலாமா?' 'அவங்க சாப்டாச்சா?' சோழபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், காது மந்தமான என் பெரியம்மாவின் இலைக்கு முன்னால் நின்று, 'இவங்களுக்குப் பாயசம் வைக்கவா?' என்று என்னிடம் கேட்டார் ஒருவர். பெரியம்மாவுக்குக் காதுதான் மந்தம். பாயச வாளியைப் பார்க்கக் கண் இல்லையா? இலையைக் காட்டக் கை இல்லையா? வாய் போனால் மூளையும் கூடவே போய்விட்டது என்று யார் நமக்குச் சொன்னது?

ராஜபாளையம் வீட்டுக்குள் நுழையும்போதே பின்பக்கத்தில் தடதடவென்று சத்தம். "வாஷிங் மெஷின்க்கா. கொஞ்ச நாளா இந்த ஆட்டம் ஆடுது. மெக்கானிக் வந்து பேரிங் போச்சுன்னுட்டாரு" என்றார் கவிதா. எனக்கு அதையெல்லாம் கேட்கிற பொறுமை இல்லை. நேராக அண்ணாச்சியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மடியில் ஒரு துண்டை விரித்தேன். ஊதாக் கல்லை வைத்தேன்.

"அண்ணாச்சி, இது அமெதிஸ்ட்தானே?"

"சரி" என்றார், கண்ணை மூடித் திறந்து, மெதுவாக.

புளி தின்ற வெள்ளைக் கல்லை வைத்தேன். வேண்டுமென்றே, "இது படிகாரம்" என்றேன்.

"சரி! சரி சரி சரி!" இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார்.

"அப்ப... கால்சைட்?"

"சரி" என்றார். அந்த மங்கின முகப்பைப் பெருவிரலால் தடவினார். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். கவிதா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

செந்திலுக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, எதக் கேட்டாலும் சரிங்காரு. ஏதோ குருட்டாம்போக்குல ஒண்ணு ரெண்டு ஒத்துவருது. அத வெச்சு எங்களக் குத்தம் சொல்லுதீங்களே. ராத்திரி பகல் பாக்காம தூக்கித் தொடைக்கிறது நாங்கதான்."

"தொடைக்கிறீங்க, யாரு இல்லன்னா? ஒரு வார்த்த அவருகிட்ட பேசுதீங்களா? அவர் சொல்ற 'சரி' அம்புட்டும் ஒரே 'சரி'யா உனக்கு? கல்லைக் கழுவும்போது வேண்டாம் வேண்டாம்னு கத்தியிருக்காரு. இவரு பாராட்டுதாருன்னு நீங்க தேய்ச்சிருக்கீங்க."

என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். செந்தில் நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. சரி, இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று, பையின் அடியில் பூத்துண்டில் சுற்றிவைத்திருந்ததை எடுத்தேன்.

"அண்ணாச்சி, இது விண்கல்தானே?"

"சரி சரி சரி!" கை வேகமாக ஆடியது. இல்லையாம்.

"எரிமலைக் கல்?" இல்லை. "இரும்புத் தாது?" இல்லை. "காந்தக் கல்?" இல்லவே இல்லை. எனக்குத் தெரிந்த கறுப்புக் கல் பெயரெல்லாம் தீர்ந்துபோயின. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்... சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்க வாயால், உடம்பு குலுங்கக் குலுங்க. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு இடது கையை நீட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

"பாத்ரூம் போவணும் போல" என்று செந்தில் அவரைத் தூக்க வந்தார். "சரி சரி சரி!" — பளார் என்று கையில் ஒரு அடி.

நான் நாற்காலியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே வாஷிங் மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என் கையிலிருந்த கல்லைத் தொட்டார். பிறகு மெஷினின் வலது பக்கக் காலைக் காட்டினார். அந்தக் கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. தரை அந்த இடத்தில் சரிவு.

செந்தில் குனிந்து, மெஷினை லேசாகத் தூக்கி, விண்கல்லை அடியில் செருகினார். தட்டைப் பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆட்டம் நின்றது. சத்தமும் நின்றது.

"ஐயோ... இது பாய்லர் கசடுல்லா" என்றார் கவிதா. "நம்ம யூனிட் பாய்லர்ல கரி உருகிக் கட்டியானது. மெஷின் வாங்குன அன்னைக்கு மாமாதான கொண்டாந்து அண்டக் குடுத்தாவ. பெட்டிய எடுக்க மெஷின நகத்துனோம்லா... கல்லோட கல்லா இதையும் கழுவிச் சாக்குல போட்டிருக்கேன்."

வானத்திலிருந்து விழுந்ததாக நான் நினைத்த கல்லுக்கும் புளி போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பதா, அழுவதா?

செந்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா" என்றார். அண்ணாச்சி இடது கையால் மகனின் தலையைத் தொட்டு, "சரி" என்றார். அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கவிதா உள்ளே போய், ஒரு கையில் காப்பித்தூள் டப்பா, ஒரு கையில் டீத்தூள் டப்பாவோடு வந்தார். "மாமா, எது போடட்டும்?" என்று இரண்டையும் நீட்டினார். அண்ணாச்சி காப்பியைத் தட்டினார். அந்த வீட்டில் தினமும் அவருக்குக் கொடுத்தது டீ.

பயிற்சி டீச்சருக்கு செந்தில் நான் இருக்கும்போதே போன் செய்துவிட்டார். அண்ணாச்சி மேஜை இழுப்பறையைக் காட்ட, அதிலிருந்து புதுப் பிளாஸ்திரிச் சுருளும் வந்தது. நான் பெயர் சொல்ல, அவர் சரி சொல்ல, கவிதா வெட்டி ஒட்டினார். பை காலியானது. மீதிச் சாக்குகள் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் காத்திருக்கின்றன. இனி வாரா வாரம் பஸ் ஏற வேண்டியதுதான். கண்டக்டர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எத்தனை வீடுகளில், எத்தனை நாற்காலிகளில், 'ஒண்ணும் புரியாது' என்று முடிவு கட்டி உட்காரவைக்கப்பட்டவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ? இதைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டு நாற்காலிப் பக்கம் ஒரு தடவை போய், அவரிடமே எதையாவது கேட்டுப் பாருங்கள்.

ஒண்ணும் தெரியாதவர் என்று ஒதுக்கி வைத்த அந்த வீட்டில், வாஷிங் மெஷின் எதன்மேல் நிற்கிறது என்று ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.