பரங்கிமலைக்குச் செருப்பில்லாமல்

அக்கா கல்யாணத்தில், காப்பி ஆறிவிட்டதென்று சபை நடுவே என் அப்பாவைக் கைகட்டி நிற்க வைத்தவர் மாப்பிள்ளை. அன்றே மனதுக்குள் கறுவினேன்.

யுத்த காலம். ஆடிச் சீருக்குக் குன்னூரிலிருந்து மயிலாப்பூர் வந்தவர், கடற்கரையைப் பார்த்துவிட்டு, "சமுத்திரம் சரி, மெட்ராஸ்ல மலைன்னு ஏதாவது இருக்கோ?" என்று சிரித்தார்.

"இருக்கு அத்திம்பேர். நாளைக்கே போலாம்."

உச்சி வெயிலில் பரங்கிமலைக்கு அழைத்துப் போனேன். "புண்ணிய மலை. செருப்பை அடிவாரத்திலேயே கழட்டிடணும்" என்று புளுகினேன். அவர் நம்ப வேண்டுமே என்று நானும் கழற்றினேன். கருங்கல் படிகள் தோசைக்கல்லாய்க் காய்ந்தன. அவர் துள்ளத் துள்ள எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ஆனால் பாதி வழியில் என் பாதம்தான் முதலில் கொப்பளித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பூட்ஸ் போட்ட சிப்பாய்கள் இருவர் எங்களைத் தாண்டி மேலே ஏறினார்கள். அவர் அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா சீராகக் கொடுத்த புது அங்கவஸ்திரத்தை இரண்டாகக் கிழித்து, குனிந்து என் பாதங்களில் கட்டினார்.

"எனக்குக் குன்னூர்க் கால்டா, தாங்கும். ஏந்துரு."

உச்சியிலிருந்து கடல் தெரிகிறதென்று காட்டினார். நான் நிமிரவில்லை.

காப்பிக்காக அவரை என்றோ மன்னித்துவிட்டேன். அந்தத் துணிக்காகத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.