கண்ணாடிக்குள் இருந்த கை

எங்கள் அத்தைக்கு எல்லாமே இடது கை. களை கொத்துவது, சோளத்தட்டு அறுப்பது, எழுதுவது எல்லாம் அதில்தான். சாப்பாடு மட்டும் வலது கையில். அதுவும் அப்பா அடித்துப் பழக்கியது. தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்தவர் அவர். நாளைக்கு நாலு பேர் அவளைக் குறை சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு கண்டிப்பு.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் அத்தைதான் பாட்டுக்கு முதல் குரல். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அங்கே கிதார் வாசித்துக்கொண்டிருந்த பிரதர் மாற்றலாகிப் போய்விட்டார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார் கிதாரையும் அதோடு இருந்த புத்தகத்தையும் அத்தையிடம் கொடுத்து, “படத்தப் பாத்து நாலு பாட்டுக்குக் கத்துக்கம்மா” என்றார், ஏதோ களி கிண்டக் கற்றுக்கொள்ளச் சொல்வது போல.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். எட்டாவதோடு நின்ற அத்தைக்கும் மூன்றாவது படித்த எனக்கும் அதில் படங்கள் மட்டுமே சொந்தம். ஆறு கோடுகள், ஆறு கம்பிகள். கோடுகளின் மேல் வட்டங்கள். எந்த விரல் எங்கே அழுத்த வேண்டும் என்பதற்காக வட்டத்துக்குள் எண்கள். பக்கத்திலேயே கிதாரின் கழுத்தைப் பிடித்திருக்கும் ஒரு கை. நகம்கூட வரைந்திருந்தார்கள். களைக்கொத்து பிடித்தே அறியாத கை.

அது இடது கை. அத்தையும் அப்படியே இடது கையால் அழுத்தி, வலது கையால் மீட்டிப் பார்த்தாள். வலது கைக்குத் தாளமே வரவில்லை. சில நாள் போராடிவிட்டுக் கிதாரைத் திருப்பிப் பிடித்தாள். கம்பிகளைக் கழற்றி வரிசையை மாற்றி மாட்டினாள். இப்போது மீட்டுகிற கை துள்ளியது. ஆனால் அழுத்துகிற விரல்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துக் குழம்பின. எல்லாமே எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

அதை அப்பா பார்த்துவிட்டார்.

“பீடத்துக்கு முன்னால பீச்சாங்கையாலயா வாசிப்ப?”

“சோத்தாங்கையில வர மாட்டேங்குதுண்ணா.”

“வரலைன்னா ஞாயித்துக்கெழம சாமியாருகிட்டயே குடுத்துட்டு வந்துரு.”

சனிக்கிழமை காலை அப்பாவின் சவரக் கண்ணாடியைக் காணவில்லை. முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவர் வாசலில் நின்று சத்தம் போட, நான் தேடிப் போனேன். மாட்டுக்கொட்டாயில் இருந்தது. தவிட்டுத் தொட்டியின் மேல் கண்ணாடி சாய்ந்து நிற்க, அதற்கு நேர் எதிரே புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அத்தை புத்தகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வந்து உள்ள பாரு” என்றாள்.

பார்த்தேன். எழுத்தெல்லாம் புரண்டு பூச்சி பூச்சியாய்க் கிடந்தது. எண்கள் முதுகைக் காட்டி நின்றன. அந்தக் கை மட்டும் வலது கையாகியிருந்தது. கிதாரைப் பிடித்திருந்த அத்தையின் கை எப்படி வளைந்திருந்ததோ அப்படியே அதுவும் வளைந்திருந்தது. அவள் ஒவ்வொரு விரலாகக் கண்ணாடிக்குள் பார்த்து வைத்தாள். இடது கையால் ஒரு தடவை மீட்டினாள். இத்தனை நாளும் துண்டு துண்டாகக் கேட்ட சத்தம் ஒரே சத்தமாகக் கொட்டாய் முழுக்க நிறைந்தது. மாதாதான் கண்ணாடிக்குள் கையைத் திருப்பி வைத்தாள் என்றே நினைத்தேன்.

கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பாவின் முகத்தில் நுரை காய்ந்திருந்தது.

“எங்க இருந்துது?”

“மாட்டுக்கொட்டாயில. அத்தை கண்ணாடியப் பாத்துட்டு இருந்தாங்க.”

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கிதாரோடு சாமியாரிடம் போனாள். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினாள். திருவிழாப் பூசைக்கு நீயே வாசி என்று அவர் சொல்லிவிட்டார். சாமியார் சொன்ன பிறகு அப்பாவால் தடுக்க முடியவில்லை. திருவிழா வரைக்கும் அத்தையிடம் பேசாமலே இருந்தார்.

திருவிழாக் காலைப் பூசையில் அப்பா எப்போதும்போல் முன்னால் வரவில்லை. கடைசியில் கதவோரம் நின்றார். அத்தை பீடத்துக்குப் பக்கத்தில் கிதாரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அத்தை மீட்ட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. இரண்டாவது அடிக்குக் கோயிலே அவளோடு சேர்ந்து பாடியது. நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பாடவில்லை. அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பா பொரிக்கடைக்குப் போய் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார். அத்தை வலது கையை நீட்டினாள். கம்பி அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அப்பா பொட்டலத்தைக் கொடுக்காமல் அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்தக் கை வேணாம். அந்தக் கையில வாங்கிக்க” என்றார்.

அத்தை இடது கையில் வாங்கிக்கொண்டாள். அவள் ஏன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டம் மாறிவிட்டது என்று நானும் இடது கையை நீட்டினேன். மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“சோத்தாங்கைய நீட்டு.”

ஒரே நிமிடத்தில் ஒருத்திக்குச் சரியான கை இன்னொருத்திக்கு எப்படித் தப்பாகும் என்று விளங்காமல், வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே பொரி தின்றேன்.